கேமராவை விட்டு இறங்கிய வெளிச்சம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வேப்பூர் கூட்டுரோடு. அங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் விருத்தாசலம். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று பீங்கானை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் ஊர் அது. வேப்பூரிலோ வெள்ளிக்கிழமைதோறும் விடியும் முன்பே ஆட்டுச்சந்தை கூடிவிடுகிறது. முகூர்த்த மாதங்களில் இரண்டு ஊர் மண்டபங்களும் ஓய்வதில்லை. இந்த வட்டாரத்தில் கேமராவை வைத்துப் பிழைப்பவர் எல்லா வேலையும் செய்தாக வேண்டும்: கல்யாணம், காதுகுத்து, சந்தைப் படம், இப்போது இணையத்தில் விற்பவர்களுக்காகப் பீங்கான் படம். கையில் நடுத்தர கேமரா ஒன்றும் அதோடு வந்த லென்ஸும் இருக்கும். அடுத்து சேரும் பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

வெளிச்சத்தில் போடலாம் என்பது என் பதில். அதிலும் ஃபிளாஷின் பலத்துக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட, அதைக் கேமராவின் தலையிலிருந்து இறக்கித் தள்ளி நிறுத்த உதவும் ட்ரிக்கருக்கும், முன்னால் கட்டும் வெள்ளைத் துணிக்கும் கொடுப்பது மேல். இதை எந்தப் பொருளை வைத்தும் சொல்லலாம் என்றாலும், பீங்கானைப் போல வேறெதுவும் கறாராகச் சொல்வதில்லை. கிளேஸ் ஏற்றிச் சூளையில் வெந்து வந்த பரப்பு எதிரே இருப்பதையெல்லாம் தன்மேல் காட்டும். வெளிச்சம் தந்த கருவி நாற்பதாயிரம் ரூபாயா நாலாயிரம் ரூபாயா என்பது அதில் தெரியாது. அது எங்கே நின்றது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது மட்டும் அப்படியே பதிந்துவிடும்.

மலிவான ஃபிளாஷ் இந்த அளவுக்கு வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1887-ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதேவும் யோஹான்னஸ் கேடிக்கேவும் மக்னீசியம் கலந்த பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். புகையும் தீக்காயமும் அதோடு சேர்ந்து வந்தன. 1920-களின் இறுதியில் பல்பு வந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு செலவாகும். 1931-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப எரியக்கூடிய மின்னணு ஃபிளாஷை உருவாக்கினார். இன்று நம் கையில் இருக்கும் சின்ன ஃபிளாஷ் அந்த வம்சம்தான்.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு நேஷனல், சன்பேக், விவிட்டார் என்ற பெயர்கள் நினைவிருக்கும். அப்போதும் ஃபிளாஷைத் தள்ளி வைக்கக் கம்பி கிடைத்தது. ஆனாலும் வெளியூர் வேலைகளில் பெரும்பாலானவர்கள் கேமரா மேலேயே வைத்து அடித்ததற்குக் காரணம் இருந்தது. சுருள் ஒன்றில் 36 படம்; கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தை வைத்துச் சோதனை செய்ய அதில் இடமில்லை. டிஜிட்டல் கேமராவின் முதுகில் வந்த சின்னத் திரைதான் இதை மாற்றியது. அடித்தோம், பார்த்தோம், ஸ்டாண்டை அரையடி நகர்த்தினோம் என்று வேலை எளிதாகிவிட்டது. 2006 முதல் பால்டிமோர் சன் நாளிதழின் புகைப்படக்காரர் டேவிட் ஹாபி, பழைய நிக்கான் ஃபிளாஷ்களைக் குடையிலும் ஸ்டாண்டிலும் மாட்டி வேலை செய்யும் முறையைப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். அப்போதும் ஒரு தடை மிச்சமிருந்தது. பாக்கெட் விசார்டு போன்ற நம்பகமான ரேடியோ ட்ரிக்கர்களின் விலை, அவை எரியவைக்கும் பழைய ஃபிளாஷின் விலையையே தாண்டியது.

அந்தத் தடையை உடைத்தவர்கள் சீனாவின் ஷென்சென் நகரத்துக்காரர்கள். யோங்நுவோ நிறுவனம் ஆர்எஃப்-602, ஆர்எஃப்-603 என்று மலிவான ரேடியோ ட்ரிக்கர்களை விட்டது. 2010-ல் ஒய்என்560 ஃபிளாஷைக் கொண்டுவந்தது. அதன் மூன்றாவது பதிப்பில் ரிசீவரை ஃபிளாஷுக்குள்ளேயே வைத்தது. கேனன் தன் ஃபிளாஷுக்குள் ரேடியோவை வைத்தது 2012-ல், 600இஎக்ஸ்-ஆர்டி மாதிரியில். நிக்கானுக்கு அது 2016-ன் எஸ்பி-5000 வரை ஆயிற்று. அதாவது, கம்பியில்லாமல் எரியவைக்கும் வசதியில் மலிவு விலைக்காரர்கள் பெரிய நிறுவனங்களின் பின்னால் வரவில்லை. நிக்கானுக்குச் சில ஆண்டுகள் முந்தியே வந்தார்கள். 1993-ல் தொடங்கிய கோடாக்ஸ், ஒரே ரேடியோ முறையில் சின்ன ஃபிளாஷ் முதல் ஸ்டுடியோ விளக்கு வரை எல்லாவற்றையும் இணைத்தது. இந்தியச் சந்தையிலும் இந்த இரண்டு பெயர்களையும் கேட்கலாம்.

இனி, இந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது. நான்கு ஏஏ செல்கள் தரும் ஆறு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தை ஒரு சுற்று ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்திக் கெப்பாசிட்டரில் சேர்க்கிறது. மோட்டார் மெல்ல மெல்ல ஏற்றிய தொட்டி நீரை ஒரே மடையில் திறந்துவிடுவது போல, அந்தச் சேமிப்பு முழுவதும் செனான் குழாய்க்குள் பாய்கிறது. முழு ஒளி என்றால் அது நொடியில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்கு நீடிக்கும். 1/128 என்று குறைத்தால் ஏறத்தாழ 1/20,000 நொடியில் முடிந்துவிடும். ஒளியைக் குறைப்பது என்றால் மங்கலாக எரியவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: அதே பிரகாசத்தைச் சீக்கிரம் நிறுத்துகிறார்கள். சுழலும் சக்கரத்தில் குயவர் கையிலிருந்து தெறிக்கும் களிமண் துளியை உறையவைக்க வேண்டுமானால் ஃபிளாஷைக் குறைவான ஒளியில் வைத்துக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண், கைடு நம்பர். ஒய்என்560-க்கு 58, கோடாக்ஸ் டிடி600-க்கு 60. இந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அப்பெர்ச்சர் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் முன்னது 105 மி.மீ. ஜூமிலும் பின்னது 200 மி.மீ. ஜூமிலும் அளந்தது, இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. ஜூமை 35 மி.மீ.க்கு விரித்தால் இரண்டும் 40-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதுவே போதுமா? போட்டுப் பார்க்கலாம். குடையோ பட்டர் பேப்பரோ இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் 40 என்பது 20 ஆகிறது. பொம்மைக்கும் விளக்குக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர் என்றால் ஐஎஸ்ஓ 100-ல் எஃப்/16 கிடைக்கும். பொருள் படத்துக்கு எஃப்/8 தாராளம் என்பதால் ஃபிளாஷைக் கால் ஒளிக்கு இறக்கிவிடலாம். ஐந்தாறாயிரம் ரூபாய்க் கருவி தன் பலத்தில் கால்வாசியை வைத்தே இந்த வேலையை முடித்துவிடுகிறது. பலத்துக்காக மேலும் செலவழிக்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பெரிய பலம் தேவைப்படுவது நடுப்பகல் வெயிலோடு மோதும்போதும், மண்டபம் முழுவதையும் ஒரே விளக்கால் நிரப்ப நினைக்கும்போதும்.

தள்ளி நிற்கும் விளக்கை எரியவைப்பது எப்படி

நான்கு வழிகள் இருக்கின்றன. கம்பி மிகப் பழையது, மிக நம்பகமானது. கேமராவின் எல்லாத் தகவலையும் ஃபிளாஷுக்குக் கொண்டுபோகும் சுருள் கம்பி ஒன்று கிட் பையில் கிடந்தால், ட்ரிக்கர் கைவிடும் நாளில் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் மண்டபத்தில் குழந்தைகள் கால் தடுக்கி விழுவதும் கம்பியால்தான்.

அடுத்தது ஒளிக்கண். மலிவான ஃபிளாஷ் பெரும்பாலானவற்றில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் இருக்கும். வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் தானும் எரிவது எஸ்1. கேமரா அளவெடுப்பதற்காக முன்கூட்டி விடும் சிறு மின்னலை விட்டுவிட்டு உண்மையான ஃபிளாஷுக்கு மட்டும் எரிவது எஸ்2. கேமராவில் உள்ள சின்ன ஃபிளாஷைக் கொண்டே இதை இயக்கலாம், தனியாக ஒரு பைசா செலவில்லை. பீங்கான் மேசையில், சாத்திய அறைக்குள், இது முழுக்கப் போதுமானது. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: கேமராவிலிருக்கும் ஃபிளாஷின் புள்ளி கிளேஸில் விழாமல் ஓர் அட்டையால் மறைத்து மேலே திருப்பிவிட வேண்டும். வெயிலில் ஒளிக்கண் குருடாகிவிடும். கல்யாணத்திலோ விருந்தாளியின் கேமரா மின்னினாலும் உங்கள் விளக்கு எரிந்து, தாலி கட்டும் நொடியில் சார்ஜ் ஏறாமல் நிற்கும்.

கேனனும் நிக்கானும் நீண்ட காலம் நம்பியிருந்த அகச்சிவப்பு முறைக்கும் இதே சங்கடம் உண்டு. ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும், தூணுக்குப் பின்னால் வைக்க முடியாது.

ரேடியோவுக்குத் தூணும் சுவரும் பெரிய தடையில்லை. இன்றைய மலிவு ட்ரிக்கர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. குறைந்த சக்திக் கருவிகள் இந்த வரிசையில் உரிமமின்றி இயங்க இந்திய அரசு 2005-ல் அனுமதித்தது. வைஃபையும் புளூடூத்தும் அதே வரிசையில்தான் ஓடுகின்றன. நூறு மீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வெட்டவெளிக்கான கணக்கு. ஆளும் இரும்பும் நிறைந்த மண்டபத்தில் அவ்வளவு எதிர்பார்க்கக்கூடாது. யோங்நுவோவில் 16 சேனல்கள், கோடாக்ஸில் 32. கோடாக்ஸின் புதிய கருவிகளில் அடையாள எண் ஒன்றையும் சேர்த்து வைக்கலாம். ஒரே மேடையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் அழைத்த படக்காரரும் பெண் வீட்டுக்காரர் அழைத்த படக்காரரும் ஒரே வகைக் கருவியோடு, கடையில் வாங்கிய நாளில் இருந்த முதல் சேனலிலேயே நிற்கும் முகூர்த்தங்கள் உண்டு. ஒருவர் அழுத்தினால் மற்றவர் விளக்கும் எரியும். வேலை தொடங்கும் முன் சேனலை மாற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

ரேடியோவில் இன்னொரு வினோதம், தூரம் மிகக் குறைந்தாலும் சிக்கல் வரும் என்பது. கேமரா தலையில் மாட்டும் ட்ரான்ஸ்மிட்டருக்கு ஒரு மீட்டருக்குள் ஃபிளாஷ் இருந்தால் சில கோடாக்ஸ் கருவிகள் எரியாமல் விட்டுவிடும். பீங்கான் மேசையில் விளக்கும் கேமராவும் எப்போதும் அந்தக் கிட்டத்தில்தான் இருக்கும். கோடாக்ஸின் எக்ஸ்ப்ரோ, எக்ஸ்2டி ட்ரான்ஸ்மிட்டர்களின் பட்டியலில் தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘0–30 மீட்டர்’ என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் வட்டமான ஒரு உலோகப் புள்ளி இருக்கும். ஏறக்குறைய எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் அந்தப் புள்ளி வழியாகவே ‘எரி’ என்ற ஆணை போகும் என்பதுதான் இவ்வளவு காலமும் பொதுவிதி. மலிவுக் கருவிகளின் உலகமே அந்த ஒரு புள்ளியை நம்பி நின்றது. கேனன் தன் 1500டி, 200டி மார்க் 2 போன்ற தொடக்கநிலை கேமராக்களில் அதை எடுத்துவிட்டது. இவை நம் ஊரில் முதல் கேமராவாக நிறைய வாங்கப்படுபவை. ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பும் ஆர்எஃப்-603 போன்ற பழைய ட்ரிக்கரோ, ஒய்என்560 போன்ற ஃபிளாஷோ இவற்றின் தலையில் எரியாது. கேனனுக்கென்றே செய்த எக்ஸ்2டி-சி போன்ற ட்ரான்ஸ்மிட்டர் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களை இவ்வளவு சிரமப்படுத்தும் மாற்றத்தை நான் நல்லதாகக் கருதவில்லை. விலை குறைந்த கேமராவை வாங்குபவருக்குத்தான் விலை குறைந்த ஃபிளாஷின் தேவை அதிகம்.

பழைய ஃபிளாஷை ஐந்நூறு ரூபாய்க்கு யாராவது தருகிறார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. விவிட்டார் 283-ன் ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றில் அந்த நடுப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கேனனின் பழைய டிஜிட்டல் கேமராக்கள் சில ஆறு வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிமீட்டரை நடுப்புள்ளிக்கும் ஓர விளிம்புக்கும் இடையே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிகமிருந்தால் அதைக் கேமராவில் மாட்டாமல் ஒளிக்கண் இணைத்துத் தள்ளி மட்டும் பயன்படுத்தலாம். உடலைத் திறந்து பழுதுபார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அணைத்து வைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிவீசும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஷட்டர் வேகம் பற்றி ஒரு பத்தி போதும். கேமராவின் திரை முழுவதும் திறந்திருக்கும் நேரம் 1/200 அல்லது 1/250 நொடியோடு முடிகிறது. அதற்கு மேல் போனால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ரேடியோ ஒரு சிறு தாமதத்தைச் சேர்ப்பதால் மலிவு ட்ரிக்கரோடு 1/160-ல் நிற்பது பத்திரம். வேகமாகப் போக எச்எஸ்எஸ் என்ற முறை உண்டு. ஃபிளாஷ் ஒரே மின்னலாக இல்லாமல் தொடர்ந்து துடிக்கும், பலம் வெகுவாகக் குறையும். ஒய்என்560-ல் அது கிடையாது. டிடி600-ல், கேமரா தலையில் மாட்டினால் கிடையாது. தள்ளி வைத்துக் கோடாக்ஸ் ட்ரான்ஸ்மிட்டரால் இயக்கினால் உண்டு.

தானாக அளந்து எரியும் டிடிஎல் வேண்டுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. டிடிஎல் கருவியின் விலை ஏறத்தாழ இரு மடங்கு. ஊர்வலத்தில், மாப்பிள்ளை அழைப்பில், தூரம் நொடிக்கு நொடி மாறும் இடத்தில் அது உதவும். ஆனால் அதன் அளவுகோல் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பீங்கானைக் காட்டினால் படம் இருண்டுவிடும். பட்டு வேட்டிக் கூட்டத்துக்கும் அதே கதி. கறுப்பு ஆட்டைக் காட்டினால் வெளுத்துவிடும். மேடையும் மேசையும் நகராத இடங்கள். அங்கே மேனுவலில் ஒரு முறை சரிபார்த்து வைத்தால் ஐந்நூறாவது படமும் முதல் படம் போலவே இருக்கும். தொடங்குபவருக்கு மேனுவல் ஃபிளாஷ் இரண்டு, டிடிஎல் ஃபிளாஷ் ஒன்றைவிட அதிகம் கற்றுத்தரும்.

மேசைமேல் ஓர் அகல்

வெள்ளைக் கிளேஸ் போட்ட, உள்ளங்கை அளவு அகல் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமரா மேல் ஃபிளாஷை வைத்து நேராக அடித்தால், விளிம்பில் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் புள்ளி சுடும். பின்னால் கத்தரித்த மாதிரி நிழல் விழும். திரி வைக்கும் மூக்கின் குழிவு தட்டையாகிவிடும். குழிவு தெரியாத அகல் ஒரு வெள்ளைத் தட்டு. அதை யார் வாங்குவார்?

ஃபிளாஷைக் கழற்றி இடப்பக்கம் சற்று மேலே நிறுத்தியதுமே குழிவு வந்துவிடும், ஒருபக்கம் நிழல் ஏறுவதால். ஆனால் அந்தச் சுடும் புள்ளி போகாது, இடம் மட்டும் மாறும். பரப்பில் விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இங்கே சட்டம். வளைந்த பரப்பு எல்லாத் திசையையும் பார்ப்பதால் எங்கே வைத்தாலும் விளக்கு எங்காவது தெரியும். தப்பிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், தெரியப்போகும் வெளிச்சத்தை அழகாக்குவதுதான் மிச்சம். குடை வைத்தால் குடைக்கம்பிகள் கிளேஸில் சிலந்திக்கால் விரித்து நிற்கும். சாஃப்ட்பாக்ஸ் வைத்தால் நான்கு மூலை ஜன்னல். இரண்டுக்கும் பதிலாக, மரச்சட்டத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பட்டர் பேப்பரையோ வெள்ளை வாயில் துணியையோ இழுத்துக் கட்டி, அகலுக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே, படச்சட்டத்துக்குள் வராமல் நிறுத்திப் பாருங்கள். ஃபிளாஷைத் துணியிலிருந்து அரை மீட்டர் பின்னால் தள்ளினால் துணியின் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே கிளேஸில் இறங்கி, பளபளப்பு மெல்லத் தேய்ந்து உடலின் நிறத்தோடு கலக்கும். பீங்கானின் வழவழப்பைப் படத்தில் தொட்டுப் பார்க்கத் தோன்றவைப்பது அந்தக் கலப்புதான். துணிக்குக் கிட்டே ஃபிளாஷை ஒட்டினால் நடுவில் வட்டப்புள்ளி. அதிகம் தள்ளினால் துணி முழுவதும் ஒரே வெள்ளை, கிளேஸில் ஒட்டிய காகிதம் போல. இடையில் ஒரு இடம் இருக்கிறது, அதைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டை ஒன்று நிழலைத் தூக்கிவிடும். வெள்ளை அகலை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் விளிம்பு கரைந்து காணாமல் போகும். அதற்கு இரு ஓரத்திலும் படச்சட்டத்துக்கு வெளியே கறுப்பு சார்ட் அட்டைகளை நிறுத்தினால், கிளேஸ் அந்தக் கறுப்பை வாங்கி மெல்லிய கோடாக விளிம்பு கட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் எந்த உபகரணமும் இவ்வளவு செய்யாது.

பொம்மையின் முகத்தில் கண், பொட்டு வரைந்த இடத்திலேயே பளபளப்பு வந்து மறைத்தால் போலரைசர் உதவும். கண்ணாடித் தன்மையுள்ள பரப்பிலிருந்து சாய்வாகத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 டிகிரியில், ஒரே தளத்தில் அதிர்வதாக ஆகிவிடும். அதைப் போலரைசர் தடுத்துவிடும். முழுவதும் அணைத்துவிடக்கூடாது. பளபளப்பே இல்லாத பீங்கான், வண்ணமடித்த களிமண்ணாகத் தெரியும்.

நிறம் விற்பனையோடு நேராகத் தொடர்புள்ளது. ட்யூப் லைட் எரியும் அறையில் ஃபிளாஷோடு எடுத்தால் இரண்டு நிறங்களும் கலந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். எஃப்/8, 1/160, ஐஎஸ்ஓ 100-ல் சாதாரண அறை வெளிச்சம் படத்தில் ஏறக்குறைய பதியவே பதியாது. ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்தால் கறுப்பாக வரும், அதுவே சோதனை. மலிவு ஃபிளாஷின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: ஒளி அளவை மாற்றும்போது நிறமும் கொஞ்சம் நகரும், ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் இருக்கும். ஆகவே ஒரு சூளையில் வந்த சரக்கு முழுவதையும் ஒரே ஒளி அளவில் எடுத்து, முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்துக்கொள்வது அவசியம். கோபால்ட் நீலத்தைப் பார்த்து வாங்கியவர் பெட்டியைத் திறக்கும்போது வேறு நீலத்தைக் கண்டால், திரும்பி வரும் பார்சலின் செலவு செய்தவர் தலையில் விழும். உடையும் சரக்குக்கு அது இரட்டை நஷ்டம்.

மண்டபமும் சந்தையும்

கல்யாண வேலையில் ஃபிளாஷைக் கூரையில் திருப்பி அடிக்கும் பழக்கம் நல்லதுதான், கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருக்கும்வரை. நம் மண்டபங்களில் பலவற்றின் கூரை உயரமானது, சிலவற்றில் வண்ணம் பூசிய அலங்காரக் கூரை வேறு. அப்போது மேடையின் இரு மூலைகளில், ஆள் உயரத்துக்கு மேல், குடையோடு இரண்டு ஃபிளாஷை 1/4 அல்லது 1/8 ஒளியில் நிறுத்துவது மேல். ஜரிகையும் சந்தனம் பூசிய நெற்றியும் கிளேஸ் போலவே நடந்துகொள்பவை. சின்ன விளக்கு சுடும், பெரிய விளக்கு தடவும். ஹோமப் புகை எழும்போது கேமரா தலையிலிருக்கும் ஃபிளாஷ் அந்தப் புகையையே வெளுப்பாக்கி முகங்களை மூடிவிடும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் புகைக்கு உருவம் கிடைக்கும், முகமும் தெரியும். ஸ்டாண்டின் காலில் தண்ணீர் நிரப்பிய கேனைக் கட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் குடை பாயாகிவிடும். கீழே விழுவது ஃபிளாஷ் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை, கீழே குழந்தை நிற்கும்.

சந்தையில் கற்றுக்கொள்ள வேண்டியது சிறியது, ஆனால் கண்கூடானது. ஆட்டின் விழித்திரைக்குப் பின்னால், இருட்டில் பார்ப்பதற்காக ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. விடியற்கருக்கலில் கேமரா தலை ஃபிளாஷால் எடுத்த படங்களில் ஆடுகளின் கண் பச்சையும் மஞ்சளுமாக எரிவதற்குக் காரணம் அதுதான்: லென்ஸை ஒட்டிய விளக்கின் வெளிச்சம் போன வழியே திரும்பி வருகிறது. ஃபிளாஷை இடக்கையில் பிடித்துக் கையை நீட்டினாலே போதும், அந்த ஒளிர்வு மறைந்து, கிடைக்கோட்டுக் கண்பாப்பா தெளிவாகத் தெரியும். கறுப்பு ஆடு இருட்டில் கரையாமல் இருக்க, நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்தி முதுகு ரோமத்தில் ஓரவெளிச்சம் விழச் செய்யலாம். 1/32-க்கு மேல் ஏற்ற வேண்டாம், ஆடு மிரண்டால் விலை பேசுபவருக்குத்தான் இடைஞ்சல். கேட்டுவிட்டு எடுப்பதும் முக்கியம்.

செல் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள் மற்ற எல்லாவற்றிலும் சேமித்ததை அங்கே இழக்கிறார்கள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல் ஃபிளாஷுக்கு உதவாது, அதனால் வேகமாக மின்சாரத்தைத் தர முடியாது. அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட்தான், ஆனாலும் பின்னதுதான் சீக்கிரம் சார்ஜ் ஏற்றும், உள்ளே தடை குறைவென்பதால். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனெலூப் வகை, பையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் சார்ஜைப் பெரிதாக இழக்காது. ஒரு ஃபிளாஷுக்கு இரண்டு செட், அவை கலக்காமல் எண் எழுதி வைத்தால் நல்லது. கல்யாணமே முழுநேர வேலை என்றால் லித்தியம் பேட்டரி உள்ள கோடாக்ஸ் வி860-2 போன்றது தன் விலைக்குத் தகும். ஒரு சார்ஜில் முழு ஒளியில் ஏறத்தாழ 650 முறை எரியும் என்று நிறுவனம் சொல்கிறது. எந்த ஃபிளாஷையும் முழு ஒளியில் விடாமல் அடித்தால் தலை கொதித்து பிளாஸ்டிக் முகப்பு பழுப்பேறும். நம் மே மாதத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எல்இடி வந்த பிறகு ஃபிளாஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் உண்டு. பீங்கான் அசையாது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து அரை நொடி திறந்தால் எல்இடியிலும் நல்ல படம் வரும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம் என்பது அதன் பெரிய லாபம். செல்போனில் எடுத்து விற்பவருக்கு அதுவே சரியான வழியும்கூட. அசையும் உயிர் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். 60 வாட் எல்இடி 1/125 நொடியில் செலவழிக்கும் ஆற்றல் அரை ஜூல். சின்ன ஃபிளாஷ் ஒரே மின்னலில் 60 ஜூல் அளவு கொட்டுகிறது. எல்இடி திறன் மிகுந்தது என்று கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிது. மணமகள் முகத்தில் கூசும் விளக்கை ஒரு மணி நேரம் எரியவிடுவதைவிட அந்த மின்னல் அவருக்கும் இதம்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்தைப் பாடமாகவே கற்றுத்தருகிறார்கள். களிமண் கலவையும் சூளை வெப்பமும் கற்கும் மாணவருக்குத் தான் செய்ததைப் படமெடுக்கவும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன், வாங்குபவர் முதலில் காண்பது படத்தைத்தான் என்பதால். மேனுவல் ஃபிளாஷ் இரண்டு, ட்ரான்ஸ்மிட்டர் ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, ரீசார்ஜ் செல், பட்டர் பேப்பர் கட்டிய மரச்சட்டம், தெர்மோகோல், கறுப்பு அட்டை எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். தொழிற்பேட்டையில் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஆளுக்கு இரண்டாயிரம். ஓர் அறை, ஒரு மேசை, வாரத்தில் பட்டறைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், கார்த்திகைக்கு அகலும் நவராத்திரிக்குப் பொம்மையும் சூளையிலிருந்து இறங்கிய வாரமே படமாகிவிடும். வேப்பூர், விருத்தாசலம் படக்காரர்கள் முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்த மேசைக்கு வந்து வேலை சொல்லிக்கொடுக்கலாம்.